பாலத்தைத் தாண்டி வந்தவர்

செண்பக நாட்டில் கரண்டும் செல்போனும் வந்த பிறகும் ராஜா இருந்தார். ராஜா கார் போகிறது என்று காவலர்கள் தினமும் பாலத்தை மறித்ததால் ஊரே அவரைத் திட்டியது. காரணம் தெரியாமல் திட்டு மட்டும் காதில் விழுந்ததும், "குறை உள்ளவர்கள் காலை பத்து மணிக்குள் அரண்மனைக்கு வரட்டும்" என்று ராஜா அறிவித்தார்.

பத்தாகியும் மண்டபம் காலியாக இருந்தது.

"பார்த்தீர்களா மகாராஜா, யாருக்கும் குறையே இல்லை," என்றார் அரண்மனை அதிகாரி நாகவர்மர்.

அப்போது ஆட்டோ ஓட்டும் அஞ்சுகம் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"நேரம் முடிந்தது. வாயைத் திறந்தால் உன் லைசென்ஸ் போய்விடும்," என்று நாகவர்மர் அதட்டினார்.

"லேட்டானதுதாங்க என் குறையே! ராஜா கார் வருதுன்னு பாலத்துல எல்லாரையும் நிறுத்திட்டாங்க. ஆட்டோவை அங்கேயே விட்டுட்டு ஓடி வரேன்."

ராஜா திகைத்தார். "நான் வெளியே கிளம்பியே மாசக்கணக்காச்சே!"

அஞ்சுகம் நாகவர்மரைப் பார்த்தாள். அவர் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும்.

"அப்படின்னா மகாராஜா, பாலத்தைத் தாண்டி இன்னைக்கு நேரத்துக்கு வந்தவர் யாருன்னு கேளுங்க."

நாகவர்மர் சட்டைப் பையைக் கையால் மறைத்தார். ராஜா கையை நீட்டி அவரிடமிருந்து தன் கார் சாவியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பாலத்தில் யாரும் நிற்கவில்லை. நாகவர்மர் மட்டும் பஸ் ஸ்டாப்பில் நின்றார்.