இன்னும் என்ன கழட்டலாம்?

போத்தனூரில் ரெபேக்காவின் வீட்டுக் கார் ஷெட்டுக்குச் சின்னக் கார்களை வேகமாக்க ஆசைப்படுகிறவர்கள் தேடி வருவார்கள். அவளாக எதையும் செய்து தர மாட்டாள். ஸ்பேனரை வந்தவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று சொல்லித் தருவாள். குருவுக்கு வயது முப்பத்து நான்கு. மூத்த சீடர் மாசிலாமணிக்கு ஐம்பத்தொன்று. சீடர் குருவை அம்மிணி என்பார். குரு சீடரை அண்ணா என்பாள்.

ஒரு வியாழக்கிழமை காலை மாசிலாமணி தன் சிவப்புக் காரோடு வந்து நின்றார்.

"அம்மிணி, இன்னும் என்ன கழட்டலாம்?"

ரெபேக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். டிரைவர் சீட் ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் புளி போட்டுத் துலக்கிய அண்டா மாதிரி வெறும் தகரம்.

"பின் சீட்டு எங்கண்ணா?"

"வராந்தாவுல. பேப்பர் படிக்கச் சௌகரியமா இருக்குதுங்க."

"கார்ப்பெட்?"

"அதுல நாய் படுத்திருக்கு."

"ஸ்டெப்னி?"

"பதினாலு கிலோங்க. விடுவேனா?"

"டேஷ்போர்டுல முருகர் இருப்பாரே?"

மாசிலாமணி குரலைத் தாழ்த்தினார். "எண்பது கிராமுங்க. மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன். பூஜை ரூம்ல மத்தவங்களோட இருக்காரு."

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். ஒவ்வொரு காராக ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். மூன்று வருஷமாக ஒரு பல் டாக்டர் மாசிலாமணியை ஒரே ஒரு நொடி வித்தியாசத்தில் தோற்கடித்துக்கொண்டிருந்தார். இந்த வருஷமும் தோற்றால் காரை விற்றுவிடுகிறேன் என்று மனைவி தெய்வானையிடம் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

"ஒரு நொடி, அம்மிணி. எதைக் கழட்டினா கிடைக்கும்?"

"அக்கா வரலியா?"

"கண்ணாஸ்பத்திரி போயிட்டு பஸ்ல வர்றா. கார்ல உட்கார இடமில்லன்னேன். உங்ககிட்ட நியாயம் கேக்கணுமாம்."

சொல்லி முடிப்பதற்குள் தெய்வானை குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"கண்ணு, கழட்டினதெல்லாம் ஒரு காகிதத்துல எழுதி வெச்சிருக்காரு. என்னையும் அதுல எழுதிக்கச் சொல்லு. அறுபத்திரெண்டு கிலோ. முதல்ல கழட்டினது என்னத்தான்."

"அவ இப்படித்தானுங்க," என்றார் மாசிலாமணி.

ரெபேக்கா நியாயம் எதுவும் சொல்லவில்லை. "அண்ணா, கழட்டினது எல்லாத்தையும் கொண்டு வந்து திரும்ப மாட்டுங்க," என்றாள்.

"எல்லாமா?"

"முருகரையும்."

குருவின் சொல். மாசிலாமணி ஒரு குட்டி யானை மினி லாரி பிடித்து எல்லாவற்றையும் ஏற்றி வந்தார். கார்ப்பெட்டோடு நாயும் வந்தது. அதை மட்டும் இறக்கிக் கட்டிப் போட்டார்கள். கடைசி போல்ட்டை அவர் முறுக்கி முடித்தபோது சாயங்காலம் நாலு மணி.

ஷெட்டுக்குப் பின்னால், மூடிப்போன மில்லுக்குள் வளைந்து ஏறிப் போகிற தார் ரோடு ஒன்று உண்டு. ஆள் நடமாட்டம் கிடையாது. காலி வண்டியை மாசிலாமணி தனியாக ஓட்டினால் அந்த ஏற்றத்துக்குப் பதினாலு நொடி. அது அவர் மனப்பாடம்.

தெய்வானை முன் சீட்டில் உட்கார்ந்தார். மாசிலாமணி ஸ்டாப் வாட்ச்சோடு பின்னால் உட்கார்ந்தார். ரெபேக்கா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, வண்டியை எடுத்தாள்.

"முருகா!" என்றார் தெய்வானை. அதற்குள் மேலே வந்துவிட்டிருந்தார்கள்.

"பன்னெண்டரை," என்றார் மாசிலாமணி. வாட்ச்சைத் தட்டிப் பார்த்தார். "இது கெட்டுப் போச்சுங்க. இன்னொருக்கா."

இன்னொரு முறையும் பன்னிரண்டரைதான்.

"மூணு ஆளு, அத்தனை சீட்டு, ஸ்டெப்னி. பாரம் ஏறினா வேகம் எப்படிங்க ஏறும்? என்ன பண்ணினீங்க அம்மிணி?"

"நீங்க ஓட்டுங்கண்ணா," என்று ரெபேக்கா பின்னால் போய் உட்கார்ந்தாள்.

அவர் ஓட்டினார். இன்ஜின் கத்திய கத்தலில் மில்லுச் சுவரிலிருந்த காக்கைகள் கிளம்பின. பதினைந்து நொடி.

"ஏனுங்க," என்றார் தெய்வானை, "அந்த இடது கால் எதுக்கு மிதி மேல போய்த் தூங்குது? கண்ணு ஓட்டறப்ப கீழதான இருந்துச்சு?"

மாசிலாமணி குனிந்து பார்த்தார். அவருடைய கால் அவருக்கே புதிதாகத் தெரிந்தது.

"அது கிளட்ச்சு. சும்மா மேல வெச்சிருக்கேன். எதுக்கும் இருக்கட்டும்னு."

"எத்தனை நாளாண்ணா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஓட்டப் பழகினதுல இருந்துங்க."

"கால் மேல இருந்தாலே கொஞ்சம் அமுங்கிரும். சத்தம் முழுசா வரும். சக்கரத்துக்கு இழுவை முழுசாப் போகாது."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"பக்கத்துல உட்கார்ந்து பாக்க ஒரு சீட்டு வெச்சீங்களாண்ணா?"

மாசிலாமணிக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு பேரையும் இறக்கிவிட்டுத் தனியாகப் போனார். காலைக் கீழேதான் வைத்திருந்தார். ஆனால் வளைவு வந்ததும் கால் தானாக மேலே ஏறிக்கொண்டது. பதினாலு நொடி. மறுபடி போனார். மறுபடியும் பதினாலு.

"நானும் வர்றேன், கதவைத் திறங்க," என்று தெய்வானை ஏறினார். வளைவில் கால் ஏறப் பார்த்தது. குடையால் முழங்காலில் ஒரு தட்டு. கால் இறங்கியது. பன்னிரண்டே முக்கால்.

மாசிலாமணி காரை நிறுத்திவிட்டு இறங்கி, ரெபேக்காவைத் தனியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். முகத்தில் சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது.

"அம்மிணி, டாக்டரை அடிச்சுரலாம். பக்கத்துல ஒரு ஆள் உட்காரலாம்னு பந்தய விதியிலயே இருக்கு. பாரம்னு யாரும் ஏத்தறதில்ல, அவ்வளவுதான்."

"அப்புறம் என்னண்ணா?"

"அவ எதுக்குங்க வருவா? நான் தோத்தா கார் போயிரும். மூணு வருஷமா அவ வேண்டறதே அதைத்தான். என்னை ஜெயிக்க வெக்க அவளே வந்து உட்காருவாளா?"

ரெபேக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். காரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா இன்னும் இறங்கலியேண்ணா," என்றாள்.