கேட்காமல் வட்டமடிக்கும் கிளுவை

அந்தக் காலத்தில் பறவைகளுக்கு வாய்ப்பேச்சு இருந்தது. தெரியாததை மனிதரிடம் கேட்டுக்கொள்ளும். மனிதருக்கு எல்லாம் தெரியும் என்று நம்பியிருந்தன, பாவம்.

ஒரு கார்த்திகையில் மழை விடாமல் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, பக்கத்து வயல்களெல்லாம் முழுகிவிட்டன. கரை எது, வரப்பு எது என்று ஒன்றும் புரியவில்லை. எங்கு பார்த்தாலும் ஒரே தண்ணீர்.

செங்கேணி என்பவள் மேட்டில் நின்று அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கணவன் கன்னியப்பனும் நட்ட பயிர் அதற்குள்தான் எங்கோ இருந்தது. அது போனால் தை மாதம் வீட்டில் அரிசி இல்லை. நல்ல வேளையாக, மழைக்கு முன்பே வயல் மூலையில் அடையாளத்துக்கு ஒரு நொச்சிக் குச்சி நட்டு வைத்திருந்தாள். அதோ, தூரத்தில் குச்சி தெரிந்தது. போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

அப்போது வடக்கேயிருந்து கிளுவைக் கூட்டம் வந்தது. புறாவைவிடச் சற்றே பெரிய வாத்துகள் அவை. பறந்து பறந்து சிறகு ஓய்ந்து, பசியோடு வந்திருந்தன. மூத்த கிளுவை அவள் தலைக்கு மேல் வந்து கேட்டது.

“அக்கா, இது ஏரியா, வயலா? வயல்ல எறங்கி யாரு வயித்துலயும் அடிக்கக் கூடாது, அதான் கேக்குறேன்.”

செங்கேணி குச்சியைப் பார்த்தாள், காலடித் தண்ணீரைப் பார்த்தாள். குச்சி அங்கே என்றால் வயலும் அங்கே. ஆனால் வயலோரத்து ஒற்றைப் பனை இந்தப் பக்கமல்லவா நிற்கிறது? குழப்பமாகத்தான் இருந்தது. சொந்த வயல் எங்கே என்று தெரியவில்லை என்பதை ஒரு வாத்திடம் எப்படிச் சொல்வது?

“ஏரிதான். எறங்கு,” என்றாள்.

இறங்கின. கொஞ்ச நேரத்தில் கிளுவை தலையைத் தூக்கியது.

“அக்கா, அடியில புல்லு மாதிரி தட்டுதே?”

“ஏரியில புல்லு மொளைக்காதா இன்னா? வயிறாரத் தின்னு.”

விடிந்தபோது தண்ணீர் வடிந்து வரப்பு தெரிந்தது. கன்னியப்பன் ஓடி வந்து, “இன்னாடி இது, நம்ம நடவைக் காணோமே!” என்று தலையில் கை வைத்தான். நொச்சிக் குச்சி வெள்ளத்தோடு போய், ஏரிக் கோரைக்குள் சிக்கி, நட்டு வைத்தது போலவே நின்றுகொண்டிருந்தது.

செங்கேணி சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு, வரப்பில் நின்ற மூத்த கிளுவையிடம் திரும்பினாள்.

“நீ கேட்ட. நாந்தான் சொன்னேன். எனக்கே தெரியல,” என்றாள்.

மூத்த கிளுவை அவளையே பார்த்தது.

“தெரியலன்னு சொல்லியிருந்தா, இன்னும் கொஞ்ச தூரம் பறந்து போயிருப்போமே, அக்கா.”

மனிதரிடம் அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அன்று முதல்தான் கிளுவைகள் யாரையும் கேட்காமல், மழைத் தண்ணீருக்கு மேல் திரும்பத் திரும்ப வட்டமடித்துப் பார்த்த பிறகே இறங்குகின்றன. நாமும் கார்த்திகைதோறும் கண்ணுக்கு மேல் கை வைத்து, இது ஏரியா, வயலா என்று தெரியாமல், அவை இறங்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நாம் கேட்டாலும் அவை இப்போது சொல்வதில்லை.