கூடவே கொண்டுவந்த துணி

பவளத்தின் விரல்கள் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி முதுகுக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தன. இலையெல்லாம் கரி படிந்திருந்தது. மலை உச்சியில் விமானம் மோதி நொறுங்கி இரண்டு நாளாயிற்று. போலீசும் பட்டாளமும் மேலேதான் தேடினார்கள். கீழே, தேயிலைக்குள் யாரும் தேடவில்லை.

அடுத்த செடியை விலக்கினாள். ஒரு பெண் தூங்குவதுபோலக் கிடந்தாள். உடுத்தியிருந்தது பாதிக்குமேல் எரிந்துபோயிருந்தது. பக்கத்தில் ஒரு துணிப்பை.

பவளம் கூடையோடு பின்வாங்கினாள். பக்கத்து லயத்து வரிசைவீட்டு ஒச்சாயி அக்காதான் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். பையைத் திறந்தாள். உள்ளே வெள்ளைத் துணி. தையல் ஒன்று கிடையாது, ஒருநாள்கூட உடுத்தாத மடிப்பு. கற்பூரம் மணத்தது.

"பொறந்த ஊட்டுக் கோடித்துணி போடாம ஒரு பொம்பள மண்ணுக்குப் போவலாமா? இவளுக்கு இங்க அண்ணன் தம்பி யாரு இருக்கா?" ஒச்சாயி அந்தத் துணியையே விரித்துப் போர்த்திவிட்டாள்.

வேலாயுதம் கங்காணி வந்தார். "ஏ ஒச்சாயி! செத்தவ சாமானைத் தொடலாமா? அவ ஊட்டு ஆளுங்க என்னத்தைப் பார்த்து அவளை அடையாளம் கண்டுக்குவாங்க?"

"உங்க ஆத்தாளா இருந்தா இப்படித் தெறந்து போட்டு வைப்பீகளா, கங்காணியாரே?"

கங்காணி குனிந்தார். துணியை உருவி, பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்தார். போலீஸ் ஜீப் பையை ஏற்றிக்கொண்டு கீழே போய்விட்டது.

பவளம் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். காலையில் பிள்ளையைச் சுற்றி, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குத் தூக்கிப்போன துண்டு. பால் வாடை போகாத அதை அந்தப் பெண்மேல் போர்த்தினாள்.

அன்று பின்னேரம் செத்தவர்கள் எல்லோரையும் மலையடியில் ஒரே குழியில் அடக்கினார்கள். துண்டோடுதான் அவளும் போனாள். துஆ ஓத வந்த கடைக்கார ஹமீது நானாவிடம் ஒச்சாயி துணிச் சங்கதியைச் சொன்னாள். நானா குழிப் பக்கம் திரும்பினார்.

"ஹஜ்ஜுக்குப் போற சனம் தாயே இது. போற எடத்துல மவுத்தானா, அடக்கம் பண்ணும்போது உடுத்தச் சொல்லி, கபன் துணியைக் கையோட கொண்டு போவாங்க. அவ அதை இந்த நாளுக்குன்னே கொண்டாந்திருக்கா."

கேட்டவர்களே, சொல்லுங்கள். போர்த்தினவள், எடுத்தவர், தன்னுடையதைக் கொடுத்தவள். இந்த மூன்று பேரில் அந்த அம்மாளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தது யார்?

விடை: ஒச்சாயிதான். ஒன்றும் தெரியாமலே, அவளுடையதை அவளுக்குக் கொடுத்தாள். கங்காணியையும் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பை மட்டுமாவது ஒரு வீட்டு வாசலுக்குப் போய்ச் சேரட்டும் என்று நினைத்தார். பிள்ளைத் துண்டைக் கொடுத்தாளே என்று லயமே பவளத்தைத்தான் மெச்சியது. அவள் மனசுக்குத் தெரியும். தையல் இல்லாத மடிப்பையும் கற்பூர மணத்தையும் கண்டபோதே, இது உயிரோடு உடுத்த வைத்த துணி இல்லை, அடக்கத்துக்கு வைத்தது என்று அவளுக்குப் பட்டது. கங்காணிக்கு முன்னால் வாய் வரவில்லை. துண்டா பெரிசு? அந்த நேரம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மட்டும் அவள் சொல்லி—

லயத்திலிருந்து குரல்: "அடியே பவளம்! பிள்ளை பாலுக்குக் கத்துது, ஓடியா!"