சந்தைத் தரை

தொப், தொப்.

மேல்சாதிக்காரர்களின் பெரிய தெரு முடிகிற இடத்தில் இருளப்பனுடைய அப்பாவின் செருப்புகள் தரையில் விழும் சத்தம் அது. அதுவரை அவை அவருடைய அக்குளில் இருக்கும். அந்தத் தெருவில் அவர்கள் சாதி ஆட்கள் யாரும் செருப்போடு நடந்ததில்லை. நடந்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த இருளப்பன் படித்தார், தலைமை ஆசிரியர் ஆனார், ஓய்வும் பெற்றார். வெளியில் அவருடைய வெறுங்காலை யாரும் பார்த்ததில்லை. கடற்கரையில்கூட ஷூதான்.

இப்போது செங்கமலத்தம்மாளின் முன்னால் காலுறையோடு உட்கார்ந்திருந்தார். அம்மாள் துறவி. அவரைவிட இளையவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார்.

“தூக்கம் போச்சும்மா.”

“என்ன ஆச்சு?”

“போன வாரம் மழையில சந்தைக்குப் போனேன். ஷூவுக்குள்ள தண்ணி. கொட்டறதுக்குக் கழற்றினேன். கால் தரையில பட்டுச்சு.”

“பட்டா?”

அவருக்குக் கூச்சமாக இருந்தது.

“நல்லா இருந்துச்சு.”

“அதுக்கா தூக்கம் போச்சு?”

“எங்கப்பாவை நடக்க வச்ச மாதிரி நானே போய் நடக்கலாமாம்மா? அவருக்குத் துரோகமில்லையா?”

அம்மாள் எழுந்து பையை எடுத்தார்.

“கத்திரிக்காய் வாங்கணும். வாங்க.”

வாசலில் அம்மாள் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டார். இருளப்பன் ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினார்.

சந்தையில் காய்க்காரி பேச்சியம்மா சிரித்தாள். “சாமியாருக்கு எதுக்கும்மா செருப்பு?”

“பித்தவெடிப்பு.”

“சாமிக்குமா!”

கீரைக்கட்டுகளில் தெளித்த தண்ணீர் தரையெங்கும் வழிந்துகொண்டிருந்தது. இருளப்பன் அதையே பார்த்தார்.

“கழற்றட்டுமாம்மா?”

அம்மாள் ஒரு கத்திரிக்காயைத் திருப்பிப் பார்த்தார். “இது சொத்தை, பேச்சி.”

“அம்மா, கழற்றட்டுமா?”

“உங்களைக் கழற்றச் சொன்னது யாரு?”

“யாரும் சொல்லல.”

“கழற்ற விடாமப் பிடிச்சிட்டிருக்கிறது?”

பெரிய தெரு என்று சொல்ல வந்தவர், குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

அம்மாள் அடுத்த காயை எடுத்தார்.

அங்கே கவிழ்ந்து கிடந்த தக்காளிப் பெட்டியின்மேல் இருளப்பன் உட்கார்ந்தார். நாடாவை அவிழ்த்தார். காலுறைகளை உருவினார். இரண்டு கால்களையும் தரையில் வைத்தார்.

ஈரம் ஏறியது. விரலிடுக்கில் ஒரு கொத்தமல்லித் தண்டு சிக்கிக்கொண்டது. சேறு குதிகாலைக் குளிர்ச்சியாகப் பிடித்தது. எப்போதோ இழுத்துவைத்த மூச்சை இப்போதுதான் விடுகிறவர்போல ஒரு பெருமூச்சு விட்டார்.

பேச்சியம்மா எட்டிப் பார்த்தாள். “என்ன சார், வேண்டுதலா?”

“இல்லம்மா. சும்மா.”

“சும்மாவா?”

“சும்மாதான்.” சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது ஷூவை எடுக்கக் குனிந்தார். அதற்குள் அம்மாள் எடுத்து, கத்திரிக்காய்களுக்கு மேலே பைக்குள் வைத்துவிட்டார்.

“ஐயோ, என்னம்மா இது! குடுங்க, நான் கொண்டு வர்றேன்.”

“வேண்டாம். நீங்க கையை வீசி நடங்க.”

அதற்குப் பிறகு இருளப்பன் தபால் நிலையத்துக்கும் நூலகத்துக்கும் பால் வாங்கவும் வெறுங்காலோடு போனார். வெயில் சுட்ட நாட்களில் செருப்புப் போட்டுக்கொண்டார்.