தபித்தாள் சொன்ன உண்மை

எபனேசர்புரம் சபையின் பெண்கள் சங்கத் தலைவி தபித்தாள். யார் வீட்டில் துக்கமென்றாலும் முதலில் ஜெபிக்கப் போகிறவள். அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து வரிசையிலிருந்து பாதியில் திரும்ப வைத்தது ஒரு வசனம். காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன்மேல் ஒருவருக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று குருவானவர் வாசித்திருந்தார். தபித்தாளுக்கு நினைவு வந்துவிட்டது.

அன்று காலைதான் சபையைச் சேர்ந்த பெண் பெர்சியாளின் கல்யாண அறிவிப்பைச் சபையில் வாசித்தார்கள். பெர்சியாளுக்குச் சில வருஷங்களுக்கு முன்பே நல்ல இடமொன்று கூடிவந்து கலைந்திருந்தது. அந்த மாப்பிள்ளையின் தாய் ஆலய வாசலில் தபித்தாளிடம் பெண்ணைப் பற்றி விசாரித்தபோது, "பிள்ளை தங்கம்தான். சின்னதுல ஒரு தடவை வலிப்பு வந்துச்சு, அவ்வளவுதான்" என்றாள் இவள். பொய்யில்லை. கைக்குழந்தையில் கடுங்காய்ச்சலோடு வந்தது, பிறகு வரவேயில்லை. காய்ச்சலை மட்டும் அவள் சொல்லாமல் விட்டாள். அதே வீட்டார் முதலில் தன் மகளைப் பார்த்து வேண்டாமென்று போனது அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது.

வலிப்பைக் காரணம் சொல்லிச் சம்பந்தத்தை முறித்தார்கள். அந்தக் காய்ச்சலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் சித்தி லோவிசாள். அவளைத் தவிர வெளியே சொல்ல யார் இருக்கிறார்கள் என்று பெர்சியாளின் தாய் சாராள் முடிவு கட்டி, கூடப்பிறந்த தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்டாள். காய்ச்சல் வந்த சமயம் பக்கத்து வீட்டில் இருந்து எல்லாம் அறிந்த தபித்தாளை யாரும் நினைக்கவில்லை.

தபித்தாள் கணவர் பொன்னுத்துரையிடம் சொல்லி அழுதாள். "ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேளு, போதும். ஊரே நம்ம வீட்டைப் பார்த்துச் சிரிக்கணுமா?" என்றார் அவர்.

மனம் ஆறவில்லை. லோவிசாள் வீட்டுக்குப் போய், தன்னிலும் இளையவளின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். லோவிசாள் கேட்டது ஒன்றே ஒன்று:

"இத்தனை வருஷம் சுமந்தாச்சுக்கா. இப்ப வாயைத் திறந்தா வலிப்புப் பேச்சு மறுபடி கிளம்பும். பிள்ளை கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுங்க."

தபித்தாள் கொடுத்தாள்.

அந்த வாரமே சாராள் அழைப்பிதழோடு வந்தாள். "கல்யாணத்துக்கு முந்தின நாள் வீட்டுல நீங்கதான்க்கா ஜெபம் பண்ணணும்."

"லோவிசாளுக்குக் குடுத்தாச்சா?"

"அவளுக்கா? பெத்த பிள்ளை மாதிரி வளர்த்துட்டு, அது வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டவ. என் வாசல்ல அவ கால் படக்கூடாது."

சரியென்று தலையாட்டியிருந்தால் வாக்கு நின்றிருக்கும். தபித்தாள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "சாராள், அதைச் சொன்னது நான்."

சாராள் அழைப்பிதழைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். கல்யாணம் கலக்கமில்லாமல் நடந்தது. லோவிசாள் முன்வரிசையில் இருந்தாள். தபித்தாள் தன் வீட்டில் இருந்தாள். பிறகு வழியில் கண்டபோது லோவிசாள் கேட்டாள்: "உங்க பாரம் இறங்கிட்டு. எனக்குக் குடுத்த வாக்கு? கல்யாணம் நின்னுபோயிருந்தா என்ன செய்வீங்க?"

மறைத்துவிடச் சொன்ன பொன்னுத்துரை, பொறுக்கச் சொன்ன லோவிசாள், வாக்கை மீறிச் சொல்லிவிட்ட தபித்தாள். இதில் யார் செய்தது சரி?

விடை: பொன்னுத்துரை காத்தது தன் வீட்டு மானத்தை. லோவிசாள் பிள்ளைக்காகத் தன் நியாயத்தையே விட்டுக்கொடுத்தாள்; அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. அந்த அன்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத் தபித்தாளுக்கு உரிமை இல்லை. தன் காதுபடக் குற்றமற்றவளை ஏசும்போது வாய்மூடி இருந்தால், அதுவும் பழி சொல்வதுதான். ஆகவே அவள் சொன்னதுதான் சரி. ஆனால் சரியானதைச் செய்ததால் மட்டும் நெஞ்சு சும்மா விடுவதில்லை. அடுத்த திருவிருந்திலும் அவள் பின்பெஞ்சில் தலைகுனிந்தே இருந்தாள். லோவிசாள்தான் வந்து, இன்னும் கோபம் ஆறாத முகத்தோடு, அவள் கையைப் பிடித்து எழுப்பி வரிசைக்குக் கூட்டிப்போனாள்.