ஐந்தின் அடியில் ஒரு பூஜ்யம்

ஒரு நூற்பாலையின் பெண்கள் விடுதியில் ஒரு பென்சில் இருந்தது. கூரிய மூக்கு, அந்த மூக்கின் நுனியிலேயே கோபம்.

ஒரு நாள் தலைமை அலுவலகத்திலிருந்து வினாத்தாள் வந்து இறங்கியது. ‘மகிழ்ச்சியாக இருக்கிறேன்’, ‘நன்றாகத் தூங்கி எழுகிறேன்’ என்று ஐந்தே வரிகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை எண் போட வேண்டும். மொத்தம் பதின்மூன்றுக்குக் குறைந்தால் அந்தப் பெண்ணை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அடியில் அச்சிட்டிருந்தது.

“எவள் மனசையும் பத்தே நிமிஷத்தில் அளந்துவிடுவேன்” என்று வினாத்தாள் பீற்றிக்கொண்டது.

“பேனாவைக் கொடுக்காமல் என்னை ஏன் கொடுத்தார்கள், யோசித்தாயா?” என்றது பென்சில்.

“தப்பாகப் போட்டால் திருத்தத்தான்.”

“தன் மனசைப் பற்றி ஒருத்தி எப்படித் தப்பாகப் போடுவாள்?”



பென்சில் மாரிக்கனியின் கைக்கு வந்தது. ஓயாத இரட்டை ஷிஃப்டில் அவள் நிம்மதியாகத் தூங்கி ஒரு மாதமாகிறது. டாக்டரைப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. ஐந்து வரிக்கும் பூஜ்யம் போட்டாள். பென்சில் தன் ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து அழுத்தியது.

வார்டன் கனகமணி எட்டிப் பார்த்தாள்.

“என்னடி இது, முட்டை முட்டையா? மில்லு மானத்த வாங்கப் பாக்குறியா? எல்லாத்துக்கும் அஞ்சு போடு!”

ரப்பரை எடுத்து அவளே அழித்தாள்.

“வெட்கமாயில்லை?” என்று ரப்பரிடம் சீறியது பென்சில்.

“எய்தவன் இருக்க அம்பை நோகலாமா?”

“அம்பு குத்திய இடத்தில்தானே ரத்தம் வருகிறது!”

மாரிக்கனி ஐந்து ஐந்தாகப் போட்டாள். மொத்தம் இருபத்தைந்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இந்தப் பாவிகள் ஒரு பெண்ணையே மறைத்துவிட்டார்கள். அவள் பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனாள்.

மூன்றாம் நாள் வேலையிடத்திலேயே மயங்கி விழுந்தாள். மருத்துவமனைக்கு வார்டன் வினாத்தாளையும் மறக்காமல் எடுத்து வந்தாள்.

“எங்க மேல ஒரு குத்தமும் இல்ல டாக்டர். அவளே எழுதிக் குடுத்திருக்கா, பாருங்க.”

“ஆமாம், என்னிடம் அப்படித்தான் சொன்னாள்” என்று வினாத்தாள் நெஞ்சை நிமிர்த்தியது. கொண்டையிலிருந்த பென்சிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா தாளை வாங்கினார். அவர் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. திருப்பிப் பார்த்தார். தாளின் முதுகில் ஐந்து வட்டங்கள் புடைத்திருந்தன. ரப்பரால் கறுப்பைத்தான் எடுக்க முடிந்திருந்தது.

அவர் தாளை மேஜையில் கவிழ்த்துவிட்டு, கட்டிலருகே வந்து குனிந்தார்.

“ராத்திரி தூங்குறியாம்மா?”

“நல்லாத் தூங்குவா டாக்டர்” என்றாள் வார்டன்.

“உங்களக் கேக்கல. வெளிய நில்லுங்க.”

கதவு சாத்தப்பட்டது. மாரிக்கனி மெல்ல வாயைத் திறந்தாள்.

பத்து நிமிஷம் தாண்டியது. அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.