காரணம் இல்லை

"என்னால முடியலை டாக்டரம்மா. இந்தப் பிள்ளை திருந்தாது."

சங்கரநயினாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருபது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, ஐம்பது வயதில் குழந்தைகள் மனநலம் படிக்க வந்த மனுஷர். கற்றுக்கொடுக்கும் டாக்டர் சபூராவுக்கு முப்பத்தைந்துதான்.

"உட்காருங்க சார்."

"எங்க உட்கார? நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ரிப்போர்ட் கொடுக்கணும். சரிப்படாதுன்னு நான் எழுதிட்டா கனிஷ்காவுக்கு டி.சி.தான். ஆறு வயசு! வேற எவன் சேர்ப்பான்?"

"என்ன செய்யுறா?"

"கடிக்கிறா. இந்தா, என் கையைப் பாருங்க. நான் அவ வகுப்புக்குப் போறதுக்கு முன்னால வாரத்துக்கு ஒரு தடவை. இப்ப தினமும் ஆறு. முத்திப்போச்சு!"

டாக்டர் அவருடைய நோட்டை வாங்கிப் பிரித்தார். பக்கத்துக்கு மூன்று கட்டம். பிள்ளை செய்ததற்கு முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்குப் பின்னால் என்ன நடந்தது.

நடுக்கட்டம் நிரம்பி வழிந்தது. முதல் கட்டத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரே பதில்: காரணம் இல்லை.

"பத்து நாளா அவளுக்கு எதிர்லயே நாற்காலி போட்டு, அவ அசைஞ்சா எழுதுறேன், இருமினா எழுதுறேன். ஒண்ணுமே நடக்காது. திடீர்னு பாய்ஞ்சு கடிச்சிருவா!"

டாக்டர் நோட்டை மூடி மேஜையில் வைத்தார். வெள்ளைத் தாள் ஒன்றில் மூன்று கட்டம் போட்டு, நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார். அவரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வரி எழுதினார்.

நயினார் காதைச் சொறிந்தார். டாக்டர் எழுதினார்.

கனைத்தார். அதையும் எழுதினார்.

"என்ன எழுதுறீங்க?"

பேனா ஓடியது.

"அம்மா தாயே, வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்க!"

பேனா ஓடியது. ஃபேனுக்கடியில் நின்றும் மனுஷருக்கு வேர்த்துக் கொட்டியது. கால் மணி நேரம் பொறுத்தார். அப்புறம் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பாய்ந்து தாளைப் பிடுங்கினார், ஓரம் கிழிந்தது. பையன்களிடம் எத்தனையோ பிடுங்கியிருக்கிறார், ஒரு டாக்டரிடம் பிடுங்கியது இதுதான் முதல் தடவை.

டாக்டர் கையை நீட்டித் தாளைத் திரும்ப வாங்கினார். நடுக்கட்டத்தில் எழுதினார்: பாய்ந்து பிடுங்கினார்.

முதல் கட்டத்தில் எழுதினார்: காரணம் இல்லை.

அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"காரணம் இல்லையா? அடப்பாவமே, அநியாயமா இருக்கே! இவ்வளவு நேரம் நீங்கதான எதிர்ல உட்கார்ந்து..."



கையிலிருந்த பல்தடத்தை அவர் வெகுநேரம் தடவினார். பிறகுதான் உட்கார்ந்தார். தன் நோட்டை இழுத்து, முதல் கட்டத்தில் முதல் வரியை அடித்து, அங்கே எழுதினார்: சங்கரநயினார்.

அடுத்த வரியை அடித்தார். சங்கரநயினார்.

"ரிப்போர்ட்டு சார்?" என்றார் டாக்டர்.

"இதைத்தான் எழுதிட்டிருக்கேன்" என்று பக்கத்தைப் புரட்டினார்.